ஒரு நோயாளி, இரண்டு ஏற்பிகள்: கல்கத்தா முதல் சிபி2 வரை

கஞ்சா அழற்சியைத் தணிக்கும் என்போர் அதன் பழமையையும் சான்றாகக் காட்டுகின்றனர். அச்சான்றுகளுள் முதன்மையான ஒன்றை நிதானமாக வாசிப்பது பயன்தரும்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் ஓஷானசி, உள்ளூர்ப் பண்டிதர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்து, விலங்குகளில் சோதித்த பின்னரே கஞ்சாப் பிசினை நோயாளிகளுக்கு அளித்தார். 1839ஆம் ஆண்டு அறிக்கையில் வாத நோயாளிகள் மூவரைப் பற்றி எழுதுகிறார். அளவு ஒரு கிரெய்ன். ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஒருவர் கலகலப்பாகப் பேசினார், பாடினார், கூடுதல் உணவு கேட்டார். இரவில் உணர்விழந்தார், அவருடைய கைகால்களை எந்த நிலையில் வைத்தாலும் அப்படியே நின்றன. பின்னர் வாதவலி தணிந்ததாகவும் அறிக்கை கூறுகிறது.

ஒரே மருந்து உடல் விறைப்பையும் வலித் தணிவையும் எவ்வாறு தந்தது? விடை காண ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1964இல் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் கவோனியும் டிஎச்சியைப் பிரித்து அதன் கட்டமைப்பைக் கண்டனர். அது கொழுப்பில் கரைவதால், செல்சவ்வைக் குலைத்தே செயல்படுகிறது என்று பலர் கருதினர். 1988இல் ஆலின் ஹவ்லெட் குழுவினர் எலியின் மூளையில் அதற்கென ஓர் ஏற்பி இருப்பதைக் காட்டினர், அதுவே சிபி1. 1992இல் அவ்வேற்பியுடன் பிணையும், உடலே உருவாக்கும் சேர்மம் கண்டறியப்பட்டு, ‘ஆனந்தம்’ என்னும் சொல்லிலிருந்து ‘ஆனந்தமைடு’ எனப் பெயர்பெற்றது. 1993இல் ஷான் மன்ரோ குழுவினர் மண்ணீரலின் பெருவிழுங்கு செல்களில் இரண்டாம் ஏற்பியைக் கண்டனர்: சிபி2.

இரண்டு ஏற்பிகளும் செல்லுக்குள் சுழல் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூற்றின் உற்பத்தியைக் குறைக்கின்றன. ஆனால், அவை அமைந்த இடத்தால் விளைவு மாறுகிறது. நரம்புமுனைகளில் சிபி1 நரம்புக்கடத்திகளின் வெளியீட்டை அடக்குகிறது. நோயெதிர்ப்புச் செல்களில் சிபி2 தூண்டப்படும்போது அழற்சி சைட்டோகைன்களின் சுரப்பு குறைவதை ஆய்வகச் சோதனைகள் பல காட்டியுள்ளன. கல்கத்தா நோயாளியிடம் கண்ட விறைப்பு, சிபி1 செயற்பாட்டை அறிய எலிகளில் இன்று செய்யப்படும் நான்கு சோதனைகளுள் ஒன்று.

எனில், அன்று தணிந்தது அழற்சியா, வலியுணர்வு மட்டுமா? அறிக்கையைக் கொண்டு சொல்ல இயலாது. சிபி1 வழியாகவும் வலி குறையும். வாதநோயோ தானாகவே ஏறியிறங்கும் இயல்புடையது. ஒப்பீட்டுக்கு மருந்து பெறாத குழுவும் இல்லை. வலி தணிதல் வேறு, அழற்சி தணிதல் வேறு. இவ்வேறுபாட்டை அழித்துவிட்டுப் பழமையைச் சான்றாக்குவது, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிவைத்த அந்த அறிக்கைக்கும் நீதி செய்வதாகாது.