கறுப்பைக் காட்டத் தெரியாத டிவி ஜெயிச்ச கதை

டிவி வாங்கப் போறவங்க இன்னைக்கு "எல்இடியா, ஓஎல்இடியா?"ன்னு மண்டையை உடைச்சுக்கறாங்க இல்லையா, 2005 வாக்கில் இதே இடத்தில் இருந்த கேள்வி "பிளாஸ்மாவா, எல்சிடியா?". அந்தச் சண்டையில் நான் பிளாஸ்மா கட்சி. கட்சி தோத்துச்சு, டெபாசிட்டும் போச்சு. ஆனா படம் நல்லா இல்லாததால தோக்கலை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

பிளாஸ்மா திரை டிவிக்காகப் பிறந்ததே இல்லை. 1964ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸர், ஜீன் ஸ்லாட்டோ, அவங்களோட மாணவர் ராபர்ட் வில்சன் மூணு பேரும் சேர்ந்து செய்தது. அங்கே பிளேட்டோன்னு ஒரு திட்டம், கம்ப்யூட்டர் வழியா பாடம் நடத்தறதுக்கு. (1960களில்! நம்மில் பலர் பிறக்கவே இல்லை.) பிக்சர் ட்யூபில் ஒரு படத்தை நிறுத்தி வைக்கணும்னா நொடிக்குப் பல தடவை அதையே திரும்பத் திரும்ப வரையணும். அப்படி வரையறதுக்குப் படத்தை எங்கயாவது சேமிச்சு வைக்கணும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் மெமரி யானை விலை. அதனால தானாவே ஞாபகம் வச்சுக்கற திரை ஒண்ணு வேணும்னு கிளம்பினாங்க. ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் குட்டிக் குட்டி அறைகள், அதுக்குள்ள நியான் வாயு. ஒரு அறையை ஒரு தடவை எரிய விட்டா, அணைக்கச் சொல்ற வரைக்கும் எரிஞ்சுகிட்டே இருக்கும். ஆரஞ்சு நிறம் மட்டும்தான் வரும். 1972ல் வந்த பிளேட்டோ டெர்மினல்களில் இந்த ஆரஞ்சுத் திரைதான், 512க்கு 512 புள்ளி, விரலால் தொட்டா வேலை செய்யற வசதியோட!

கலர் வர இன்னும் 20 வருஷம் ஆச்சு. வாயுவில் செனான் கலந்து, அதிலிருந்து வர்ற புற ஊதாக் கதிரை சிவப்பு, பச்சை, நீலப் பாஸ்பர்கள் மேல விழ வைக்கறாங்க. நம்ம வீட்டு டியூப் லைட் எரியற அதே சங்கதிதான், அங்கே பாதரச ஆவி, இங்கே செனான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி டியூப் லைட்னு வச்சுக்குங்க. 1997ல் 42 அங்குல பிளாஸ்மா அமெரிக்கக் கடைக்கு வந்தப்போ பிலிப்ஸ் வச்ச விலை கிட்டத்தட்ட 15,000 டாலர்.

எல்சிடிக்கு வம்சம் வேற. 1888ல் ரைனிட்சர்ங்கற தாவரவியல்காரர் பிராகில் கண்டுபிடிச்ச திரவப் படிகம், 1973ல் ஷார்ப் கால்குலேட்டரில் ஏறி, அப்புறம் வாட்ச், லேப்டாப்னு வளர்ந்தது. முக்கியமான விஷயம், திரவப் படிகம் தானா ஒளி விடாது. பின்னாடி ஒரு விளக்கு எப்பவும் எரியும், படிகம் அதுக்குக் கதவு மாதிரி. கறுப்பு வேணும்னா கதவைச் சாத்தும். சாத்தினாலும் இடுக்கு வழியா வெளிச்சம் கசியும். ராத்திரிக் காட்சியில் வானம் சாம்பல் பூத்துத் தெரியறது இதனாலதான். (2009 வாக்கில் "எல்இடி டிவி"ன்னு பேரு மாத்தி விக்க ஆரம்பிச்சதும் இதே எல்சிடிதான். பின்னாடி இருக்கற விளக்கு மட்டும் எல்இடி. என்னமா பேரு வைக்கறாங்கப்பா!)

பிளாஸ்மாவில் புள்ளிக்குப் புள்ளி தனி வெளிச்சம், அதனால கறுப்பு கறுப்பா இருக்கும். 2007ல் பயனீர் ஒரு வரிசையே விட்டாங்க, பேரு குரோ. ஜப்பானிய மொழியில் குரோன்னா கறுப்பு. அந்தக் கறுப்பைப் பல வருஷம் யாரும் மிஞ்சலைன்னு இன்னமும் வாதாடறவங்க உண்டு, அடியேன் உள்பட. 2009 பிப்ரவரியில் பயனீர் டிவி தொழிலை விட்டே விலகறதா அறிவிச்சாச்சு. பானசோனிக் 2013 கடைசியில் பிளாஸ்மா செய்யறதை நிறுத்தினாங்க. சாம்சங், எல்ஜி ரெண்டும் 2014ல்.

ஏன் இப்படி? முதல் எதிரி கடை. ஷோரூம்ல கண்ணைக் கூசற மாதிரி விளக்கு போட்டிருப்பாங்க. அந்த வெளிச்சத்தில் பிளாஸ்மா கண்ணாடியில் நம்ம மூஞ்சிதான் தெரியும், பக்கத்தில் எல்சிடி தகதகன்னு மின்னும். நாம டிவி பார்க்கறது ராத்திரி சாப்பிட்டுட்டு, பாதி விளக்கை அணைச்சுட்டு. வாங்கறதோ நட்டநடுப் பகல் மாதிரி வெளிச்சத்தில். அப்புறம் "கேஸ் தீர்ந்தா ரீஃபில் பண்ணணும்"னு ஒரு வதந்தி. அது கண்ணாடிக்குள்ள சீல் வச்சது, சிலிண்டர் இல்லை சாமி! கரன்ட் அதிகம் குடிக்கும்ங்கறது மட்டும் உண்மை. சேனல் லோகோ திரையில் பதிஞ்சு நிக்கும்ங்கறதும் உண்மை.

ஆனா என்னைக் கேட்டா, கொன்னது தொழிற்சாலைக் கணக்கு. பிளாஸ்மா அறையை ஒரு அளவுக்கு மேல சின்னதாக்க முடியலை. அதனால லேப்டாப்புக்கும் ஆகாது, போனுக்கும் ஆகாது, பெரிய டிவி ஒண்ணுதான் கதி. எல்சிடிக்கு மானிட்டர், லேப்டாப், போன்னு எல்லாப் பக்கமும் காசு கொட்டுச்சு. அந்தக் காசில் கண்ணாடி பெருசாகிட்டே போச்சு. 2006ல் ஷார்ப் கமேயாமா ஆலையில் ரெண்டு மீட்டருக்கும் மேல நீள அகலம் உள்ள கண்ணாடியில் ஒரேயடியா பல டிவிகளை வெட்டி எடுத்தாங்க. "37 அங்குலத்துக்கு மேல போனா பிளாஸ்மா"ன்னு இருந்த பழைய கணக்கு அங்கயே காலி.

அதே 2006ல்தான் நம்ம ஊரில் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சாங்க, 14 அங்குலம், பிக்சர் ட்யூப். அடுத்த வருஷக் கடைசியிலேயே உலக விற்பனையில் பிக்சர் ட்யூபை எல்சிடி தாண்டிடுச்சு. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் ட்யூபிலிருந்து நேரா எல்சிடிக்குத் தாவினதுதான். பிளாஸ்மான்னு ஒண்ணு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

இப்போ ஓஎல்இடி. 1987ல் கோடாக் கம்பெனியின் சிங் டாங், வான் ஸ்லைக் ரெண்டு பேரும் வெளியிட்ட ஆய்வில் ஆரம்பிச்சது, 2013ல் எல்ஜி வழியா 55 அங்குல டிவியா வந்தது. புள்ளிக்குப் புள்ளி தனி வெளிச்சம், கறுப்புன்னா கறுப்பு. லோகோ பதியற வியாதியும் கூடவே வந்திருக்கு. ஆனா இதைச் சின்னதாவும் செய்யலாம், போன் போனா ஏறிடுச்சு. பிளாஸ்மாவுக்கு வாய்க்காத யோகம்.

ராத்திரி இருட்டில் சினிமா பார்க்கற வீடுன்னா, காசிருந்தா கண்ணை மூடிட்டு ஓஎல்இடி வாங்குங்க. எங்க வீட்டில் காலை காபியிலிருந்து ராத்திரி தூக்கம் வரைக்கும் நியூஸ் சேனல், கீழே ஓடற பட்டையோட, மூலையில் அசையாத லோகோவோட. அதனால இந்தப் பிளாஸ்மா கட்சிக்காரன் வீட்டுச் சுவரில் தொங்கறது எல்சிடிதான் :-)