மாத்தளையில் துவக்கும் சட்டமும்: 1848 முதல் வஸ்கமுவ வரை

வஸ்கமுவ தேசிய பூங்காவினுள் துவக்கு ஏந்திச் செல்லுதல் குற்றமாகும். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவ்வாறு விதிக்கின்றது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி பெற்ற அனுமதிப்பத்திரம் ஒருவரிடம் இருக்கலாம். பூங்காவின் எல்லையைத் தாண்டினால் அது அவருக்குத் துணை நில்லாது. மாவலித் திட்டத்தால் காடிழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக, மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களில் 1984ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற பூங்கா இது. ஆகவே விதியின் நோக்கம் பற்றி ஐயமில்லை. எனினும், இதே மாத்தளையில் துவக்குப் பற்றிய சட்டமொன்று முன்னொருகால் கலகத்துக்கு வித்திட்டது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

கோப்பி விலை வீழ்ந்து அரசிறை குன்றியிருந்த வேளையில் தேசாதிபதியாக வந்தவர் டொறிங்டன் பிரபு. 1848 ஜூலை 1ஆம் நாள் துவக்கு, நாய், வண்டி, கடை ஆகியவற்றுக்கு அனுமதிக் கட்டணம் விதிக்கப்பட்டது. வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்கவேண்டும், அன்றேல் பணம் செலுத்தவேண்டும் என்ற கட்டளையும் உடன் வந்தது. இவற்றுள் துவக்கும் நாயும் அடுத்தடுத்து நிற்பது கவனத்துக்குரியது. கொழும்பிலிருந்து நோக்குவோர்க்கு இவை ஆடம்பரப் பொருள்களாகத் தோன்றியிருக்கலாம். சேனைப் பயிர் செய்பவனுக்கோ இவ்விரண்டுமே வேலி. இரவில் பன்றியும் யானையும் வரும்போது நாய் குரைக்கும், துவக்கு வெடிக்கும், குரக்கன் தப்பும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சேனை நிலத்தின் உரிமையையே ஐயத்துக்குள்ளாக்கியிருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அந்நிலத்தின் காவலுக்கும் விலை கேட்கப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. அக்காலத்தில் யானையைக் கொல்வோருக்கு அரசே சன்மானம் வழங்கியது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் 3500க்கும் மேற்பட்ட யானைகள் அழிக்கப்பட்டன என எமர்சன் தெனன்ற் தமது நூலில் எழுதுகின்றார். வரிகள் விதிக்கப்பட்டபோது குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தவரும் அவரே! யானையை வீழ்த்தும் துவக்குக்குப் பரிசு, பயிரைக் காக்கும் துவக்குக்கு வரி என்றால், அக்கணக்கைக் கிராமத்தவர் எங்ஙனம் விளங்கிக்கொள்வர்?

விளைவை யாவரும் அறிவர். ஜூலை 26இல் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். 28இல் கிளர்ச்சியாளர் மாத்தளையைக் கைப்பற்றிக் கச்சேரியின் வரிப் பதிவேடுகளை அழித்தனர். மறுநாள் கண்டியில் இராணுவச் சட்டம் பிறந்தது. புரன் அப்பு ஆகஸ்ட் 8இலும், குடாபொல தேரர் துறவாடையுடனேயே ஆகஸ்ட் 26இலும் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1850இல் டொறிங்டன் திருப்பியழைக்கப்பட்டார்.

இன்றைய பூங்கா விதியையும் அன்றைய வரியையும் ஒரே தராசில் இடுவது தவறு என்பது என் கருத்து. முன்னையது பணம் தேடியது. பின்னையது உயிர் காக்க முனைவது. மேலும், துவக்கை அரசு ஐயத்துடன் நோக்குவதற்கு அண்மைக் கால வரலாறும் காரணமாகும். 1971 ஏப்ரலில் கிராமத்து வேட்டைத் துவக்குகள் பல கிளர்ச்சியாளர் கைக்குச் சென்றன. ஆனால் ஒற்றுமை ஒன்று எஞ்சுகின்றது. இரு சட்டங்களின் முன்னும் நிற்பவன் அதே பயிர்ச்செய்கையாளனே. எல்லைக்கோடு மனிதனை மட்டுமே கட்டுப்படுத்துகின்றது. வில்கமுவவின் வயல்களில் நெல் முற்றும் பருவத்தில் யானை அக்கோட்டை அறியாது. பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்க வழியுண்டு. எனினும் ஏழைக்கு அப்பத்திரம் எட்டுவதில்லை. மின்வேலியும் எங்கும் உறுதியாய் நிற்பதில்லை.

இவ்விடைவெளியிலேயே கட்டுத்துவக்கு முளைக்கின்றது. பன்றி வரும் தடத்தின் குறுக்கே கயிறு கட்டி மறைவாக வைக்கப்படும் இக்கருவிக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, ஏந்தி நிற்கும் கையும் இல்லை. இடறுவது பன்றியோ, யானைக் கன்றோ, விறகு தேடிச் சென்ற அயல்வீட்டானோ என்பதை அது அறிவதில்லை. துவக்கை ஏந்திச் செல்பவனைப் பூங்கா வாயிலில் தடுத்துவிடலாம். ஏந்துவோரின்றி எல்லையோரப் பற்றைக்குள் கிடக்கும் துவக்கை வாயிற்காவலர் காண்பதெங்ஙனம்?