குன்னூரில் எழுந்த ஒரு வினா

தாய்ப்பாலின் சிறப்பை அறியாதார் இலர். ஆயினும், அப்பாலை ஊட்டும் தாய் என்ன உண்டாள் எனக் கேட்டவர் சிலரே. அவ்வினாவுக்கு விடை தேடிய ஆய்வொன்று நம் நீலமலையிலும் நடந்தது.

1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஆலைகளில் உழைத்த பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் கடும் இரத்தசோகையால் வாடினர். கிருமியே காரணமோ என ஆராய்ந்தார், சான்று கிட்டவில்லை. எனவே அவர்தம் உணவை ஆராயத் தலைப்பட்டார். 1929-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திற்கு வந்து, அவ்வேழைப் பெண்கள் உண்ட உணவையே எலிகளுக்கு அளித்துச் சோதித்தார். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் மலிவான 'மார்மைட்' அந்நோயைத் தீர்ப்பதை 1931-இல் உலகிற்கு அறிவித்தார். அதிலிருந்த சத்தே ஃபோலிக் அமிலம் எனப் பின்னர் அறியப்பட்டது. 1941-இல் அது கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

இன்று நம் நாட்டில் கருவுற்ற தாய்மார்க்கும், பேற்றுக்குப்பின் 180 நாள்கள் பாலூட்டும் அன்னையர்க்கும் இரும்புச்சத்துடன் வழங்கப்படும் மாத்திரையில் இருப்பது அச்சத்தே. ஆனால் மாத்திரை உணவாகாது. நம் இல்லங்கள் பலவற்றில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் தாயே. கொழுந்து பறித்துத் திரும்பும் சகோதரியிடம், "பிள்ளைக்குப் பால் கொடுத்தாயா?" என்று கேட்கும் நாம், "நீ உண்டாயா, அம்மா?" என்றும் கேட்போமா?