வெல்லெஸ்லி (போர்க்கப்பல்)

வெல்லெஸ்லி, பிரிட்டிஷ் கடற்படைக்காகப் பம்பாயில் கட்டப்பட்ட 74 பீரங்கிப் பாய்மரப் போர்க்கப்பல். 1815 பிப்ரவரியில் கடலில் இறக்கப்பட்டது. எதிரியின் தாக்குதலில் மூழ்கிய கடைசி பிரிட்டிஷ் பாய்மரப் பெருங்கப்பல் இதுவே. அதை மூழ்கடித்தது விமானக் குண்டு.

இக்கப்பலுக்காக இங்கிலாந்திலிருந்து அனுப்பிய வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவில்லை. அவற்றை ஏற்றிவந்த ஜாவா என்னும் கப்பலை 1812 டிசம்பரில் பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் என்ற போர்க்கப்பல் வீழ்த்திவிட்டது. ஆகவே பம்பாய்க் கப்பல் துறையிலேயே உருவான கார்ன்வாலிஸ் கப்பலின் வரைபடத்தைக் கொண்டே வேலை நடந்தது. தலைமைத் தச்சர் பார்சி சமூகத்தைச் சேர்ந்த ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. மரம் தேக்கு. ஓக் மரத்தின் துவர்ப்புச் சத்து இரும்பு ஆணிகளை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப் பசை அவற்றைக் காக்கும். வெல்லெஸ்லியின் நீண்ட ஆயுளுக்கு மரத்தோடு வாடியா தச்சர்களின் கைத்திறனும் காரணம்.

1839 பிப்ரவரியில் கராச்சியின் மனோரா கோட்டை இதன் பீரங்கிகளுக்கு வீழ்ந்தது. கராச்சி ஆங்கிலேயர் வசமானது. அந்த ஆண்டு நவம்பரில், பம்பாய்க்கு அருகே கடலில், தளபதி பிரெடெரிக் மெய்ட்லண்ட் இக்கப்பலிலேயே இறந்தார். 1815இல் நெப்போலியன் சரணடைந்தது இவரிடம்தான். அடுத்து வந்த முதல் அபினிப் போரில், 1840 ஜூலையில் சீனாவின் சூசான் தீவைப் பிடிக்கவும் பிறகு காண்டன் ஆற்று முகத்துக் கோட்டைகளைத் தாக்கவும் வெல்லெஸ்லி முன்னின்றது. இந்தியத் தச்சர்கள் இழைத்த கப்பல், சீனத்தின் மீது அபினியைத் திணித்த போருக்குப் பயன்பட்டது. அதன் கடற்பணி வரலாற்றிலேயே வருந்தத்தக்க பகுதி இது.

1848 முதல் 1851 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியத் தீவுப் படைப்பிரிவுக்குத் தலைமைக் கப்பலாக இருந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகியதும் சேத்தம் துறைமுகத்தில் காவல் கப்பலாக நின்றது. 1868இல் கார்ன்வால் என்ற புதுப் பெயருடன் தேம்ஸ் ஆற்றில், குற்றம் புரிந்த சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பலாயிற்று. போரில் ஓடியதைவிட இந்தப் பணியில்தான் அது நெடுங்காலம் நின்றது.

1940 செப்டம்பர் 24 அன்று ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டால் பெருஞ்சேதமடைந்து ஆற்றில் மூழ்கியது. 1948இல் வெளியே எடுத்து உடைத்தார்கள். மரத்தில் ஒரு பகுதி, போரில் சேதமுற்ற லண்டன் நீதிமன்றக் கட்டடத்தைச் சீரமைக்கப் பயன்பட்டது. கப்பலின் பெயருக்கு உரியவரான வெல்லிங்டன் பிரபுவின் உருவம் செதுக்கிய அதன் முகப்புச் சிலை சேத்தம் கப்பல் துறையில் வைக்கப்பட்டுள்ளது.