தாயக்கட்டையும் நட்சத்திரக் கப்பல்களும்

1942 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், யப்பானியக் கடற்படையின் மிகப் பெரிய போர்க்கப்பலான யமாட்டோவில் உயர் அதிகாரிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து போர் விளையாட்டு ஒன்றை ஆடினார்கள். மிட்வே தீவைக் கைப்பற்றும் திட்டத்தை வரைபடத்தில் ஒத்திகை பார்ப்பதே நோக்கம். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிகளைத் தாக்கும் கட்டம் வந்தது. விதிப்படி தாயக்கட்டை உருட்டப்பட்டது. ஒன்பது குண்டுகள் இலக்கைத் தாக்கின, அகாகியும் காகாவும் மூழ்கின என்பது முடிவு. பிரதம நடுவராயிருந்த அட்மிரல் உகாகி அதனை ஏற்கவில்லை. ஒன்பதை மூன்றாக்கினார். அகாகி சிறு சேதத்துடன் தப்பியது. மூழ்கியதாக ஒப்புக்கொள்ளப்பட்ட காகாவும் அடுத்த கட்ட ஆட்டத்தில் மீண்டும் மிதந்து வந்துவிட்டது.

இவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்லர். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், ஏப்ரல் 9 ஆம் திகதி, அகாகியைத் தலைமைக் கப்பலாகக் கொண்ட அணியின் விமானங்களே மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய விமானந்தாங்கியான ஹேர்மிஸைக் கடலடிக்கு அனுப்பின. விமானந்தாங்கி என்பது பெயரளவில்தான். அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த எளிய வெற்றியின் மிதப்பு யமாட்டோவின் மேசையிலும் இருந்திருக்க வேண்டும். யூன் 4 ஆம் திகதி மிட்வேயில் அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூ ஆகிய நான்கும் தாக்குண்டு அழிந்தன. அங்கே திருத்தி எழுத நடுவர் எவரும் இல்லை.

தாயக்கட்டையை உருட்டிய ஒக்குமியா, புச்சிடாவுடன் சேர்ந்து போருக்குப் பின் எழுதிய நூல் மூலமே இச்செய்தி உலகறிந்தது. உகாகிக்குச் சார்பாகவும் ஒன்று சொல்லவேண்டும். உயரத்திலிருந்து குண்டு வீசும் விமானங்கள், ஓடும் கப்பலை ஒன்பது தடவை தாக்குவது நடவாத காரியம். மிட்வேயில் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் ஒரு குண்டைக்கூடக் கப்பலில் வீழ்த்தவில்லை. ஆக, எண்ணைத் திருத்தியது தவறென்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூழ்கிய காகாவை எழுப்பியதற்கு எந்த விதியும் இடம் தராது. தாம் கற்பனை செய்துவைத்த உலகத்தில் தோல்விக்கு இடமில்லை. ஆகவே விளையாட்டு வளைந்து கொடுத்தது.

விளையாட்டைத் தம் உலகுக்கேற்ப வளைப்பது புதிதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என நாற்படையுடன் புறப்பட்ட சதுரங்கத்தில், வங்காளியர் தேரை ஓடமாக்கினார்கள். ரஷ்யர்களுக்கும் அக்காய் படகுதான். ஆனால் அங்கெல்லாம் காயின் பெயர் மாறியதே தவிர, நகரும் விதி மாறவில்லை. கப்பலுக்கெனத் தனி விதி வேண்டுமென்று மேசையில் சிறு மாதிரிக் கப்பல்களை நகர்த்தி ஆராய்ந்தவர் ஜோன் கிளார்க் என்ற ஸ்கொட்லாந்து வணிகர். கடற்படையில் ஒருநாளும் பணிபுரியாதவர். அவருடைய கடற்போர் உத்திக் கட்டுரை 1782 இல் அச்சானது. அதே ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயரான ஹியூஸும் நமது கடலில் நான்கு தடவை மோதினார்கள். பெப்ரவரியில் சதுரங்கப்பட்டினம் (பெயரைப் பாருங்கள்!), ஏப்ரலில் திருகோணமலைக்குத் தெற்கே இலங்கைக் கரையோரம், யூலையில் நாகபட்டினம், செப்டெம்பரில் திருகோணமலை. ஏப்ரல் மோதலின் பின் சுஃப்ரேன் தன் கப்பல்களைச் செப்பனிட வந்து தங்கியது மட்டக்களப்பில். வரிசையாக நின்று பக்கவாட்டுப் பீரங்கிகளால் சுட்டுக்கொள்ளும் அந்தப் போர்முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோமாரிக் கரைக்கும் எட்டாத் தூரத்து விண்வெளிக்கும் அதுவே பாலம்.

கடற்போரை விளையாட்டாக்கிய இருவர் விஞ்ஞானப் புனைகதை எழுதியவர்களாகவும் இருந்தது தற்செயலாக இருக்கலாம். ஒருவர் பிரெட் ஜேன். 1898 இல் உலகப் போர்க்கப்பல்களின் விபரத்திரட்டை அவர் வெளியிட்டது தமது போர் விளையாட்டோடு இணைத்துத்தான். திரட்டு இன்றுவரை அவர் பெயரிலேயே வருகிறது, விளையாட்டை மறந்துவிட்டார்கள். வீனஸுக்குப் பயணம் போகும் நாவலொன்றை அதற்கு முந்திய ஆண்டு எழுதியவரும் அவரே. மற்றவர் நியூயோர்க்கின் பிளெட்சர் பிராட். 1940 இல் அவர் நூலாக வெளியிட்ட விளையாட்டில், தரையில் பரப்பிய மாதிரிக் கப்பல்களுக்கிடையேயான தூரத்தைக் கண்ணால் மட்டிட்டே சுடவேண்டும்.

விண்வெளிக்குப் போனதும் சிக்கல் தொடங்கியது. கடலில் இயந்திரத்தை நிறுத்தினால் நீர் கப்பலை நிறுத்தும். விண்வெளியில் நிறுத்த எதுவுமில்லை. பாடசாலைப் பௌதிகத்தில் படித்த சடத்துவம் அங்கே முழு அரசு செலுத்துகிறது. 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையைத் தாயகமாக்கிக்கொண்ட, கோணேசர் கோவிலின் கடலடி இடிபாடுகளைப் படம்பிடித்த ஆர்தர் சி. கிளார்க், 1949 இலேயே இதை ஒரு சிறுகதையாக்கினார். செவ்வாயின் துணைக்கோளான போபொஸில், விண்ணுடை மட்டும் அணிந்த ஒரு தனிமனிதன் பெரும் போர்க்கப்பலுக்குக் கண்ணாமூச்சி காட்டுகிறான். வேகம் மிக்க கப்பலால் நினைத்த மாத்திரத்தில் திரும்ப முடியவில்லை, அதுதான் கதை. 1973 இல் வந்த டிரைபிளானட்டரி என்ற விளையாட்டு இப்பௌதிகத்தை அப்படியே அறுகோணக் கட்டங்களுக்குக் கொண்டுவந்தது. சென்ற முறை எவ்வளவு தூரம் எத்திசையில் போனீர்களோ, எரிபொருளைச் செலவிட்டாலன்றி இம்முறையும் அவ்வாறே போவீர்கள்.

ஆனால் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த இரசிகர்களுக்கு வேண்டியது அதுவன்று. 1966 இல் தொடங்கிய ஸ்டார் டிரெக் தொடரில் கப்பல்கள் கடற்கப்பல்களாகவே திரும்பின. அதன் புகழ்பெற்ற ஓர் அத்தியாயம், நீர்மூழ்கிக் கப்பலை வேட்டையாடும் 1957 ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றின் விண்வெளி வடிவம். கண்ணுக்கு மறையும் ரொமியுலன் கப்பல்தான் நீர்மூழ்கி. 1979 இல் ஸ்டார் பிளீட் பட்டில்ஸை உருவாக்கிய ஸ்டீபன் கோல் பௌதிகத்தைக் கைவிட்டுக் கதைக்கு விசுவாசமாக இருந்தார். தொடரில் பொறியியலாளர் ஓயாமல் சக்தி போதவில்லை என்று முறையிடுவாரல்லவா? கோலின் விளையாட்டின் உயிர்நாடியும் அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் உள்ள சக்தியை ஓட்டத்துக்கும் ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் பங்கிடவேண்டும். எதற்குக் குறைத்தாலும் ஆபத்து. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர்கள் உடனே விளங்கிக்கொள்வார்கள்.

உரிமப் பிரச்சினையும் ஒரு படைப்பாளியானது. பிரான்ஸ் ஜோசப் என்ற வடிவமைப்பாளர் 1975 இல் வெளியிட்ட தொழில்நுட்பக் கைந்நூல் வழியாகவே கோலுக்கு உரிமம் கிடைத்தது. பின்னர் வந்த திரைப்படங்களுக்கும் தொடர்களுக்கும் அது செல்லவில்லை. எனவே அவரது அண்டம் வேறு வழியில் வளர்ந்தது. தொலைக்காட்சி காணாத லைரன், ஹைட்ரன் இனங்கள் அங்கே பேரரசு ஆண்டன.

இது உகாகி செய்ததிலிருந்து வேறானது. கோல் உலகுக்கேற்ப விதியைச் சமைத்தார். சமைத்த பின் எல்லோருக்கும் அதே விதி. உகாகி உருண்டு நின்ற கட்டையின் மேல் கைவைத்தார்.

1990களின் தொடக்கத்தில் ஆங்கிலேயரான ஜோன் டஃப்லி எழுதிய புல் திரஸ்ட் எந்தக் கதையுலகுக்கும் பொருந்தும் சட்டையாகத் தைக்கப்பட்டது. திரைப்படப் பாணி ஓட்டம் அதற்கு இயல்பானது. பௌதிகத்தை விரும்புவோருக்கு 1998 இல் சடத்துவ விதிகளும் சேர்க்கப்பட்டன. எதிர்த்திசையில் போனவர் டேவிட் வெபர். ஒனர் ஹரிங்டன் நாவல்களில் அவர் கற்பனை செய்த கப்பல்களுக்கு மேலும் கீழும் ஊடுருவ முடியாத விசைத்தகடுகள். ஆகவே பக்கவாட்டில் நின்றே சுடவேண்டும். நெல்சன் காலத்துப் போரை விண்வெளியில் நடத்துவதற்காகவே பௌதிகத்தைத் திருத்தினார். 2005 இல் அந்நாவல்களுக்கென வந்த விளையாட்டு முப்பரிமாண இயக்கத்தையும் சடத்துவத்தையும் துல்லியமாகக் கணக்கிடுகிறது. அவ்வளவு கணக்கும் போட்டு முடித்தபின் அக்கப்பல்கள் செய்வது, சுஃப்ரேனும் ஹியூஸும் இக்கரையோரம் செய்ததைத்தான்: எதிரிக்குப் பக்கத்தைக் காட்டி, வரிசையாக நின்று, சுடுகின்றன.