தும்பையும் தூம்பும்

தும்பை என்பது தூய்மையிலிருந்து பிறந்த சொல் என்று ஈப்போவில் இன்னும் மேடையேறிச் சொல்கிறார்கள். பூ வெள்ளை, வெள்ளை தூய்மை, ஆகவே தூய்மை தும்பையாயிற்றாம். இடையில் நிற்கும் ம்ப எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மறுமொழி இல்லை. மலையாளத்தார் தும்ப என்கிறார்கள், கன்னடர் தும்பெ, தெலுங்கர் தும்மி. தூய்மையின் யகரம் எந்த வீட்டிலும் தங்கவில்லை. 1810இல் செடிநூலார் இராபர்ட் பிரவுன் இச்செடியின் பேரினத்துக்கு லூக்கஸ் என்று பெயரிட்டபோது கிரேக்கரின் வெண்மைச் சொல்லை எடுத்துக்கொண்டார். அது அவர் கண்ணுக்குப் பட்டது. நம் முன்னோர் கண்ணுக்கும் அதுவே முதலில் பட்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

நிறமே காரணமானால் கவிழ்தும்பையை எங்கே வைப்பது? அதன் பூ வெளிர்நீலம். செடிக் குடும்பமும் வேறு. பேய்மிரட்டிக்கும் மருத்துவ நூலார் பெருந்தும்பை என்று பெயர் சொல்வார்கள். அந்தப் பூவோ ஊதா. மூன்றுக்கும் பொதுவானது, இதழ்கள் அடியில் ஒட்டிக் குழலாய் நிற்பது.

குழலுக்குத் தமிழில் பழஞ்சொல் தூம்பு. மதகின் நீர்வழி தூம்பு. உள்துளையுள்ள மூங்கிலும் தூம்பு. மலைபடுகடாம் இசைக்கருவிகளை அடுக்கும்போது தூம்பை யானையின் உயிர்ப்போடு சேர்த்துச் சொல்லும். துதிக்கை உயிருள்ள தூம்பல்லவா? யானைக்குத் தும்பி என்று பெயர் வந்ததும், அதன் கை தும்பிக்கை ஆனதும் இவ்வழியே என்பேன். பூவில் குழல் நீட்டித் தேன் குடிக்கும் வண்டும் தும்பி. நெடில் குறிலாவது தமிழுக்குப் புதிதன்று: நாம், நம், தான், தன். தும்பைப் பூவைக் கிள்ளி அடிக்குழலில் தேன் உறிஞ்சிய பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தும்பையை அடுத்துத் துழாயை வைத்தார். இன்றைய செடிநூலும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறது. பூவின் வடிவத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர்களுடைய மொழி நிறத்தோடு நின்றுவிடுமா? தொல்காப்பியர் நெய்தலுக்குப் புறமாகத் தும்பைத் திணையை வகுத்தார். வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்ட போர் அது. அப்போரில் வீரர் இப்பூவை வெண்மைக்காகச் சூடியிருக்கலாம். சூடிய காரணம் வேறு, பெயர்க் காரணம் வேறு.

இன்னொரு கூற்றும் பேராக்கில் உலவுகிறது. மலாய்க்காரர் இச்செடியைக் கெதும்பித் என்பதால், நம் தும்பையே அங்கே போயிற்றாம். அதே சொல் அவர்களிடம் கண்கட்டிக்கும் பெயர் என்பதை இவர்கள் கவனிப்பதில்லை. கொத்தமல்லியைக் குறிக்கும் கெத்தும்பார் இந்தியாவிலிருந்து போனது, உண்மை. வடமொழிக் குஸ்தும்புரு அதன் உறவு. ஒலி ஒத்திருக்கிறது என்று கெதும்பித்தையும் அதோடு கட்டி இழுப்பது ஆராய்ச்சி ஆகாது. இலங்கையின் பெயரைத் தாங்கிய தும்பை வகை இந்த மலாய் மண்ணிலும் தானே வளர்வது. அதற்குப் பெயர் வைக்க மலாய்க்காரர் நம் கப்பலுக்குக் காத்திருக்கவில்லை.

நாம் கொண்டுவந்தது பெயரைத்தான். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்டார்கள். பின்னால் எழுந்த தோட்டங்களில் பால்மர நிரைகளுக்கு நடுவே மூடுபயிராக அவரையினக் கொடிகளைப் படரவிட்டார்கள். அந்த நிழலில் தும்பை நிற்காது. தொழிலாளர் லயத்து வேலியோரம், மாரியம்மன் கோயில் திடல், வெயில் விழும் மண்சடக்கு ஓரம் என்று அது நின்றது. அங்கே அதைப் பார்த்த தமிழ்ப் பால்வெட்டுக்காரர் தும்பை என்றே அழைத்தார். பிள்ளைக்குச் சளி என்றால் பறித்து வந்தார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் லயங்களும் போயின. பெயர் அறிந்தவர்களும் குறைகிறார்கள். அதனால்தான் பிழையான பொருளை இளையவர் காதில் ஓதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

தும்பு, தும்மல் என்று வேறு வழி காட்டுவோரும் உண்டு. நாரும் இல்லை, தும்மலும் இல்லை. தும்பை குழற்பூ, தூம்பின் வழி வந்தது. இதில் எனக்கு ஐயம் இல்லை.