டிசம்பர் பூவுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

வரலாறு என்றாலே நமக்கு ராஜாக்களும் போர்களும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பூச்செடிக்கும் வரலாறு இருக்கிறது. அதிலும், குளிர்காலத்தில் மட்டும் பூக்கிற டிசம்பர் பூவுக்கு!

பேரையூர், எழுமலை, தே.கல்லுப்பட்டி பக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கார்த்திகையில் அரும்பு கட்டி, மார்கழி முழுக்க ஊதா, வெள்ளை, ரோஸ், ஊதாவில் வெள்ளைக் கோடு எனப் பல நிறங்களில் பூத்துக் குலுங்கும். மணம் கிடையாது. காலையில் பறித்து நெருக்கமாகத் தொடுத்துத் தலையில் வைத்தால், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். இவ்வளவுதானா என்று கேட்கலாம். இது பூக்கும் நேரம்தான் இதன் பெருமை.

நம்ம மதுரைக்கு மல்லிகை எவ்வளவு பெருமை என்று சொல்ல வேண்டியதில்லை. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மல்லிகை வெயிலின் பிள்ளை. பனி விழத் தொடங்கினால் விளைச்சல் படுத்துவிடும், விலை ஏறிவிடும். மார்கழியிலும் தையிலும் மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு கிலோ மல்லிகை சில ஆயிரம் ரூபாய்க்குப் போவது வழக்கமான செய்தி.

குளிர்காலத்தில் கூந்தலில் பூ குறைவது இன்று நேற்றைய கதையல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைப் பாருங்கள். நக்கீரர் எழுதியது, பாட்டுடைத் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பர். வாடைக் காற்று வீசும் அந்தக் கூதிர் காலத்தில், பெண்கள் மாலை சூடாமல் சில பூக்களை மட்டும் கூந்தலில் வைத்துக்கொண்டதாக அவர் சொல்கிறார். மழை மூட்டத்தில் பொழுது தெரியாததால், பித்திக அரும்பு விரியும் மணத்தை வைத்து மாலை வந்ததை அறிந்தார்களாம். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய குளிர்காலம் இது!

அப்படியானால் டிசம்பர் பூ எங்கிருந்து வந்தது? வெளிநாட்டுச் செடி என்று நினைத்தால் தவறு. இந்தியா, பர்மா, தென்சீனப் பகுதிகள்தான் இதன் தாயகம். 1753-ல் லின்னேயஸ் இதற்கு பார்லேரியா கிறிஸ்டாட்டா என்று பெயர் வைத்தார். பார்லேரியா என்பது ஜாக் பரேலியே என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக வந்த பெயர். கிறிஸ்டாட்டா என்றால் கொண்டை உள்ளது என்று பொருள். ஆங்கிலத்தில் இதைப் பிலிப்பைன் வயலட் என்கிறார்கள். இது வயலட் இனமும் அல்ல, பிலிப்பைன்ஸ் செடியும் அல்ல! காளிதாசரின் மேகதூதத்தில் அளகாபுரிப் பெண்கள் கொண்டையில் சூடும் குரவகம் இந்த இனம்தான் என்று கருதுவோரும் உண்டு. கனகாம்பரமும் நீலக்குறிஞ்சியும் இதே குடும்பத்துச் செடிகளே.

சொந்த மண்ணின் செடி, ஆனால் தமிழில் அதன் பெயரில் ஒட்டியிருப்பதோ ஆங்கில மாதம். ஐரோப்பாவிலும் இப்படி ஒரு பூ உண்டு. பனிக்காலத்தில் பூக்கும் ஹெல்லபோரைக் கிறிஸ்துமஸ் ரோஜா என்கிறார்கள். அது ரோஜாவே அல்ல, விஷச்செடி. அதற்கும் லின்னேயஸ் 1753-ல் அதே நூலில்தான் பெயர் வைத்தார். வேறு பூ இல்லாத நாளில் பூப்பதை மக்கள் அந்த நாளின் பெயராலேயே கூப்பிடுகிறார்கள்.

நம் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கு நிலம் விட்ட செய்திகள் நிறைய உண்டு. சாமிக்கு மாலை கட்டும் பூவுக்கு ராஜா சாசனம் எழுதினார். டிசம்பர் பூவுக்கு யார் எழுதுவார்? மணம் இல்லாததால் சாமிக்கு வைக்கப் பலர் தயங்குவார்கள். சீக்கிரம் வாடுவதால் தூரத்துச் சந்தைக்கும் போகாது. ஆகவே ஏட்டிலும் இல்லை, கல்லிலும் இல்லை.

பின் எப்படித் தலைமுறை தாண்டி வந்தது? குச்சியால்தான்! பக்கத்து வீட்டில் ஒரு குச்சி ஒடித்து வாங்கி, மழை ஈரத்தில் ஊன்றி, பாத்திரம் கழுவிய தண்ணீர் விட்டு வளர்த்தார்கள். பூத்து முடிந்ததும் கிளைகளை வெட்டிவிட்டால் அடுத்த வருடத்துக்கு நன்றாகத் தழையும். காய் முற்றி வெடித்தால் விதை தெறித்துத் தானாகவும் முளைக்கும். அம்மா வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு, அங்கிருந்து நாத்தனார் வீட்டுக்கு என்று குச்சி போன பாதைதான் இதன் சரித்திரம். அதை எழுதியவர்கள் பெயர் தெரியாத பெண்கள்.

இப்போது வாசல்களுக்கு சிமெண்ட் பூசுகிறோம். மண் இல்லாத வாசலில் குச்சி ஊன்ற முடியாது. சாசனம் அழிந்தால் படியெடுத்த நகலாவது இருக்கும்; இந்தப் பூவுக்கு அதுவும் இல்லை. உங்கள் வீட்டில் ஊதாவில் வெள்ளைக் கோடு போட்ட செடி இருந்தால், அது யார் கொடுத்த குச்சி என்று பாட்டியிடம் கேட்டு வையுங்கள். மழை வந்ததும் ஒரு குச்சியை இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு மண்தொட்டி போதும்.